மறக்கத் தெரிந்த நூலகம்

போன ஜூன் மாதம் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி எங்கள் கல்லூரிக்கு வந்திருந்தார். நான் தென்மாவட்ட நகரம் ஒன்றில் மகளிர் கல்லூரி நூலகராக வேலை பார்க்கிறேன். முதல்வர் அறையில் திரையைக் கட்டி, தங்களுடைய ‘ஸ்மார்ட் லைப்ரரி’ செயலியை அவர் விளக்கினார். மாணவி நூலக வாசலில் அடையாள அட்டையைக் காட்டியதும் அப்பாவின் கைபேசிக்குக் குறுஞ்செய்தி போய்விடும். வெளியேறும்போது இன்னொன்று போகும். அவள் எடுத்த புத்தகங்கள், திறந்த மின்னூல்கள், ஒவ்வொன்றிலும் செலவழித்த நேரம் எல்லாம் மாதக் கடைசியில் வண்ண வரைபடங்களோடு அறிக்கையாக வீட்டுக்கு வரும். மூன்று வருடத் தரவு சேர்ந்துவிட்டால், யார் தேர்வில் தவறுவாள், யார் படிப்பைப் பாதியில் விடுவாள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்றார். “பேரன்ட்ஸுக்கு ரொம்பப் பிடிக்கும் மேடம்” என்று முடித்தார்.

அறையில் இருந்தவர்களுக்கும் பிடித்துத்தான் இருந்தது. முதல்வர் என் முகத்தைப் பார்த்தார். “யோசிச்சுச் சொல்றேன் மேடம்” என்றேன். யோசிக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. அதை இதுவரை எங்கும் எழுதியதில்லை.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு மதியம், இரண்டாமாண்டு வணிகவியல் மாணவி ஒருத்தியின் அப்பா என் மேசை முன்னால் வந்து நின்றார். கூடவே அவள் சித்தப்பா. சத்தம் போடவில்லை, மிரட்டவில்லை. தயங்கித் தயங்கித்தான் கேட்டார். “தெனமும் லைப்ரரியில இருந்துட்டு அஞ்சு மணி பஸ்ஸுக்குத்தான் வர்றேங்குறா மேடம். நெசமாவே இங்கதான் இருக்காளான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.” எனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அந்தப் பெயரைக் கணினியில் தட்டினேன். வந்த நாள், நுழைந்த நேரம், வெளியேறிய நேரம், எடுத்த புத்தகங்கள் எல்லாம் ஒரே திரையில் வரிசையாக வந்து நின்றன. பல நாட்களில் அவள் மூன்றேகாலுக்கே வெளியேறியிருந்தாள். “இதை ஒரு காப்பி எடுத்துத் தர முடியுங்களா?” என்றார். அச்செடுத்துக் கொடுத்தேன்.

அந்தத் தாளில் ஐந்து புத்தகங்கள் இருந்தன. இரண்டு கணக்குப் பதிவியல் பாடநூல்கள், ஒரு டி.என்.பி.எஸ்.சி. வழிகாட்டி, ஒரு நாவல். ஐந்தாவது, 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம் பற்றிய சிறு கையேடு. சித்தப்பா அந்த வரியில் விரலை வைத்து, “இது என்னங்க மேடம்?” என்று கேட்டார். “சட்டப் புத்தகம்” என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வரவில்லை. இரண்டு வாரத்தில் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் வகுப்புத் தோழி ஒருத்தி, பெண்ணுரிமைக் கட்டுரைப் போட்டிக்காகத்தான் அந்தக் கையேட்டை எடுத்தாள் என்றாள். இன்னொருத்தி, அக்காவுக்காக எடுத்தாள் என்றாள். மூன்றேகாலுக்கு அவள் போனது தட்டச்சுப் பயிற்சிக்கு என்று ஒரு பேச்சு இருந்தது. வேறு பேச்சும் இருந்தது. எது உண்மை என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் உரிமை எனக்கு இல்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

நான் பொய் எதுவும் சொல்லவில்லை. அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு எழுத்தும் உண்மை. எந்தப் புத்தகம், எந்தத் தேதி என்பதை மட்டுமே அது சொன்னது. ஏன் என்பதை அது சொல்லவில்லை. அந்த ‘ஏன்’ என்ற காலி இடத்தை, தாளைக் கையில் வாங்கியவர்கள் தங்கள் பயத்தைக் கொண்டு நிரப்பிக்கொண்டார்கள். உண்மையான தகவலைக் கொடுத்து ஒருவருக்கு அநீதி செய்ய முடியுமா? முடியும் என்று அன்றைக்கு நான் கற்றுக்கொண்டேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் நூலகத்தில் கணினி கிடையாது. பிரவுன் முறைதான் இருந்தது. பொது நூலகங்களில் உறுப்பினராக இருந்தவர்களுக்கு அது நினைவிருக்கும். ஒவ்வொரு வாசகருக்கும் பை போன்ற சிறு அட்டைகள் தருவோம். புத்தகத்துக்குள் இருக்கும் சீட்டை எடுத்து, வாசகரின் பைக்குள் செருகி, திருப்ப வேண்டிய தேதிவாரியாக மரப்பெட்டியில் அடுக்கி வைப்போம். புத்தகம் திரும்பி வந்ததும் சீட்டு புத்தகத்துக்குள் போய்விடும். பை வாசகர் கைக்குப் போய்விடும். அவ்வளவுதான். யார் எதைப் படித்தார் என்பதற்கு அதன்பிறகு ஒரு தடயமும் மிஞ்சாது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த முறையை உருவாக்கியவர் நீனா பிரவுன் என்ற அமெரிக்க நூலகர், ஒரு பெண். நூலகவியல் வகுப்பில் இந்த முறையின் குறைகளைப் பட்டியலிடும்போது, நிரந்தரப் பதிவு எதுவும் இதில் நிற்காது என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். குறை என்று நான் எழுதியதுதான் அந்தப் பெண்ணைக் காப்பாற்றியிருக்கும்.

பழைய காலமெல்லாம் பொற்காலம் என்று சொல்லவரவில்லை. புத்தகச் சீட்டிலேயே எடுத்தவர் பெயரையோ எண்ணையோ எழுதிவைக்கும் நூலகங்களும் இருந்தன. நமக்கு முன்னால் யார் படித்தார் என்று அதில் பார்க்கலாம். ஆனால் ஒருத்தி என்னென்ன படித்தாள் என்று அதிலிருந்து கண்டுபிடிக்க, நூலகத்திலுள்ள எல்லாப் புத்தகங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். அந்தச் சிரமமே ஒரு பாதுகாப்பாக இருந்தது. கணினி அந்தச் சிரமத்தை நீக்கிவிட்டது. புத்தகத்தைப் பற்றிய குறிப்பாக இருந்தது ஆளைப் பற்றிய கோப்பாக மாறியதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

நூலக அந்தரங்கம் பற்றிப் படிக்க ஆரம்பித்தபோது முதலில் எனக்குக் கிடைத்தவை அமெரிக்கக் கதைகள். அமெரிக்க நூலகச் சங்கம் 1939ஆம் ஆண்டிலேயே, வாசகர் பற்றிய தகவலை நூலகர் வெளியே சொல்லக் கூடாது என்பதைத் தன் நெறிமுறையில் சேர்த்திருக்கிறது. 1972இல் ஸோயா ஹார்ன் என்ற பல்கலைக்கழக நூலகர், வியட்நாம் போரை எதிர்த்தவர்கள் மீதான வழக்கில் சாட்சி சொல்ல மறுத்துச் சுமார் மூன்று வாரம் சிறையில் இருந்தார். நூலகம் உளவு பார்க்கும் இடமாகக் கூடாது என்பது அவர் நிலைப்பாடு. 2001இல் வந்த தேசப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நூலகப் பதிவுகளையும் அரசு கேட்கலாம் என்றானபோது, கலிபோர்னியாவின் சான்டா குரூஸ் நூலகங்களில் அன்றாடப் பதிவுகளை அன்றன்றே கிழித்துப் போட்டார்கள். 2005இல் கனெக்டிகட் மாநிலத்தில் நூலகக் கணினிப் பதிவுகளைக் கேட்டு எஃப்.பி.ஐ. கடிதம் அனுப்பியது. கடிதம் வந்ததையே வெளியில் சொல்லக் கூடாது என்றும் உத்தரவு. நான்கு நூலகர்கள் நீதிமன்றம் போனார்கள். அடுத்த ஆண்டு அரசு பின்வாங்கியது.

இவற்றைப் படித்தபோது பெருமையாகவும் இருந்தது, கூச்சமாகவும் இருந்தது. அவர்கள் கதவைத் தட்டியது அரசாங்கம். என் கதவைத் தட்டியவர் ஓர் அப்பா. அவர் கையில் ஆணை இல்லை, துப்பாக்கி இல்லை, சட்டம் இல்லை. ஒரு தயக்கமான குரல்தான் இருந்தது. அதற்கே நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஏனென்றால் மகள் படிப்பதை அப்பா தெரிந்துகொள்வது நியாயம் என்று எனக்குள்ளேயே ஒரு குரல் ஆமோதித்தது. நம் ஊரில் ஒரு பெண்ணின் தகவலைக் கேட்டு முதலில் வருவது வீடுதான். அரசும் நிறுவனங்களும் அதற்குப் பின்னால்தான் வரும். வீடு கேட்கும்போது அது வேவு என்று யாருக்கும் தோன்றுவதில்லை, அக்கறை என்றே தோன்றுகிறது.

பெண்ணியவாதிகளுக்கு அந்தரங்கம் என்ற சொல் மேல் நெடுநாள் சந்தேகம் உண்டு. அது நியாயமான சந்தேகம். ‘இது எங்கள் குடும்ப விஷயம்’ என்ற ஒரே வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனை அடி, எத்தனை கட்டாயக் கல்யாணம் மறைந்திருக்கிறது! தனியுரிமையை அடிப்படை உரிமை என்று உறுதிசெய்த 2017 ஆகஸ்ட் 24 தீர்ப்பில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக இருந்தார்கள். அந்தத் தீர்ப்பில் நீதிபதி சந்திரசூட் இந்தப் பெண்ணியச் சந்தேகத்தையும் எடுத்துப் பேசியிருக்கிறார். அந்தரங்கம் என்பதை ஆணாதிக்கத்தை மூடி மறைக்கும் போர்வையாக்கக் கூடாது என்பதே அங்கே சொல்லப்படுவது. அதைப் படித்தபோது எனக்கு ஒன்று பிடிபட்டது. வீட்டின் அந்தரங்கம் வேறு, வீட்டுக்குள் இருக்கும் பெண்ணின் அந்தரங்கம் வேறு. முதலாவது நிறையவே இருக்கிறது. இரண்டாவதுதான் இல்லை. பல பெண்களுக்குத் தனி அறை இல்லை, பூட்டு வைத்த அலமாரி இல்லை, கடவுச்சொல் போட்ட கைபேசியும் இல்லை. நூலக மேசையில் அரைமணி நேரம் திறந்து வைத்திருக்கும் ஒரு புத்தகம்தான் அவர்களுக்கு இருக்கிற தனி அறை.

நம் முன்னோடிகளுக்கு அதுவும் இருந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில் ராஸசுந்தரி தேவி சமையலறையில் ஓர் ஏட்டை ஒளித்து வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் எழுத்துக் கற்றார். பிறகு தன் வாழ்க்கையைத் தானே எழுதினார். அவர் எத்தனை மணிக்கு எந்த ஏட்டைப் பார்த்தார் என்ற அறிக்கை மாதாமாதம் அந்த வீட்டாருக்குப் போயிருந்தால், அந்தச் சுயசரிதை எழுதப்பட்டிருக்காது. ஒளித்துப் படித்தவர்கள் எல்லோரும் தப்பு செய்தவர்கள் இல்லை. ஒரு கருத்தை மனசுக்குள் உருட்டிப் பார்த்து, பிடிக்காவிட்டால் விட்டுவிட, பிடித்தால் வைத்துக்கொள்ள ஓர் அவகாசம் வேண்டும். கணக்குச் சொல்ல வேண்டும் என்று ஆகிவிட்டால் அந்த அவகாசம் போய்விடும். சிறப்புத் திருமணச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சட்டப்படி திருமணத்துக்கு முப்பது நாள் முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும். பதிவு அதிகாரி அதை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். அப்படி ஒரு விதி இருக்கிறது என்பதையே ஒரு பெண் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதைப் படித்ததே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டால் அவள் எங்கே போவாள்?

சட்டம் நம்மைக் காக்குமா? 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அது பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள எல்லோரையும் குழந்தை என்கிறது. குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. வணிக நிறுவனங்களிடமிருந்து குழந்தைகளைக் காக்க இது தேவைதான். ஆனால் முதலாமாண்டில் சேரும் எங்கள் மாணவிகளில் பலருக்கு வயது பதினேழு. பெற்றோர் எப்போதும் மகள் பக்கமே நிற்பார்கள் என்ற நம்பிக்கையின் மேல் எழுப்பிய சட்டம் இது. பெற்றோரிடமிருந்தே காக்க வேண்டிய ஒரு சிறு இடம் பெண்ணுக்கு உண்டு என்பது அதற்குத் தெரியவில்லை.

இனி, விற்பனைப் பிரதிநிதி சொன்ன ‘பெருந்தரவு’க்கு வருவோம். பெயரை நீக்கிவிட்டுத்தான் ஆராய்வோம் என்றார் அவர். 2006இல் ஏ.ஓ.எல். நிறுவனம் ஆறரை லட்சம் பயனர்களின் இணையத் தேடல்களைப் பெயரை நீக்கிவிட்டு, வெறும் எண்களோடு ஆய்வுக்கென வெளியிட்டது. சில நாட்களிலேயே, அதில் ஓர் எண்ணுக்குரியவர் ஜார்ஜியா மாநிலத்தில் வாழும் 62 வயதுக் கைம்பெண் என்று பத்திரிகையாளர்கள் கண்டுபிடித்து அவர் வீட்டுக்கே போய்விட்டார்கள். அவர் தேடிய நோய்களும் கவலைகளும் அவரைக் காட்டிக்கொடுத்தன. ஆறரை லட்சம் பேருக்குள்ளேயே ஒருவரைக் கண்டுபிடிக்க முடியுமென்றால், ஆயிரத்து இருநூறு மாணவிகள் உள்ள கல்லூரியில் எவ்வளவு நேரமாகும்? மூன்றாமாண்டு இயற்பியலில் ஒரே ஒரு முஸ்லிம் மாணவி இருப்பாள். இன்ன கிராமத்திலிருந்து ஒரே ஒருத்தி வருவாள். துறையையும் ஊரையும் சேர்த்துப் பார்த்தால் போதும், பெயரே தேவையில்லை.

மின்னூல் வந்தபிறகு நூலகரின் கையை மீறியும் தரவு போகிறது. அடோபி நிறுவனத்தின் மின்னூல் மென்பொருள், வாசகர் எந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்தார் என்பதைப் பாதுகாப்பில்லாத வடிவில் நிறுவனத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது 2014இல் வெளிப்பட்டது. நூலகங்கள் வழியாக மின்னூல் படித்தவர்களும் அந்த மென்பொருளைப் பயன்படுத்தியவர்கள்தான். பல்கலைக்கழகங்கள் சந்தா கட்டும் எல்செவியர் ஆய்விதழ்களை நடத்துவது ரெலெக்ஸ் குழுமம். தனிநபர் தகவல்களைத் திரட்டி விற்கும் லெக்சிஸ்நெக்சிஸும் அதே குழுமத்தைச் சேர்ந்தது. அமெரிக்கக் குடிவரவு அமலாக்கத் துறைக்குத் தகவல் தர 2021இல் அது ஒப்பந்தம் செய்துகொண்டபோது, அங்குள்ள நூலகர்களும் சட்டக் கல்லூரி மாணவர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். நாம் யாரிடமிருந்து புத்தகம் வாங்குகிறோமோ அவர்களே நம்மைப் பற்றிய தகவலை விற்பவர்களாகவும் இருக்கக்கூடும் என்ற கேள்வி நூலகத்துக்குப் புதிது.

எண்ணிக்கையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளில் எத்தனை பேர் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று நாக் குழுவும் கேட்கிறது. எங்கள் வாசல் கணக்கைப் பார்த்துத்தான், மூன்றரை மணிக்குமேல் நூலகம் காலியாகிவிடுவதைக் கண்டுபிடித்தோம். சோம்பல் காரணமில்லை, டவுன் பஸ்தான் காரணம். மாலையில் திறந்து வைத்துப் பயனில்லை என்று காலை எட்டரைக்கே திறக்க ஆரம்பித்தோம். கூட்டம் இரண்டு மடங்கானது. அதற்கு ஒரு பெயர்கூடத் தேவைப்படவில்லை. எத்தனை பேர் என்பது நூலகத்தைப் பற்றிய கேள்வி. யார் என்பது அந்தப் பெண்ணைப் பற்றிய கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு இரண்டாவதுக்கும் பதிலைச் சேர்த்து வைப்பதுதான் கோளாறு.

முதல்வரிடம் பதில் சொல்வதற்கு முன் மாணவிகளிடம் கேட்டுப் பார்த்தேன். அங்கேதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. பாதிப்பேர் அந்தச் செயலி வேண்டும் என்றார்கள். “மெசேஜ் போனா வீட்ல நம்புவாங்க மேடம். இன்னும் ஒரு மணி நேரம் இருந்துட்டு வர விடுவாங்க” என்றாள் ஒருத்தி. எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கண்காணிப்பைக் கொடுத்து ஒரு மணி நேரத்தை வாங்குகிறாள். அந்த ஒரு மணி நேரம் அவளுக்கு எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியும். கொள்கை பேசி அதைத் தட்டிப்பறிக்க நான் யார்?

இரண்டு வாரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்க மேசையில் எப்போதும் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவி ஒருநாள் புத்தகம் திருப்ப வந்தபோது மெதுவாகச் சொன்னாள்: “அது வந்துட்டா, எனக்கு வேணாம்னு சொல்ல முடியாது மேடம். வேணாம்னு சொன்னா, ஏன் வேணாங்குறேன்னு கேப்பாங்க.” எனக்கு விடை கிடைத்தது அவளிடமிருந்துதான். விரும்பினால் சேரலாம் என்று சொல்லித்தான் இவையெல்லாம் வருகின்றன. வந்துவிட்ட பிறகு, சேர மறுப்பதே மறைப்பதற்கு ஏதோ இருக்கிறது என்பதற்கு ஆதாரமாகிவிடுகிறது. முதலாமவள் தன் வீட்டுக்குத் தானே ஒரு செய்தி அனுப்பிக்கொள்ளலாம். நூலகத் தொலைபேசியிலிருந்து பேசலாம், நானே பக்கத்தில் நின்று பேசுகிறேன். இரண்டாமவளுக்கு அப்படி ஒரு மாற்றுவழி இல்லை. அவளைக் காக்க வேண்டுமென்றால் அந்தப் பதிவே இல்லாமல் இருக்க வேண்டும்.

என் பதினோரு வருடக் கேள்விக்கும் இதில்தான் பதில் இருந்தது. அன்றைக்கு நான் அந்த அப்பாவிடம் பொய் சொல்லியிருக்க வேண்டுமா? மறுத்திருக்க வேண்டுமா? மறுத்திருக்க வேண்டும்தான். ஆனால் எல்லா நூலகரும் ஸோயா ஹார்ன் ஆகிவிட முடியாது. நான் ஆகவில்லை. நாளைக்கு என் நாற்காலியில் உட்காரப்போகிறவருக்கும் அந்தத் துணிவு இருக்கும் என்று எப்படி நம்புவது? ஒரு பெண்ணின் பாதுகாப்பை இன்னொருவரின் துணிவை நம்பி விட்டுவைக்கக் கூடாது. என் மேசையில் அந்த மரப்பெட்டி மட்டும் இருந்திருந்தால், “எங்ககிட்ட அப்படிப் பதிவு இல்லீங்க” என்று சொல்லியிருப்பேன். அது உண்மையாகவும் இருந்திருக்கும். இல்லாததை யாரும் மிரட்டியோ கெஞ்சியோ வாங்கிவிட முடியாது.

கணினியையும் மறக்கச் செய்யலாம். நாங்கள் இப்போது பயன்படுத்துவது கோஹா. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலகத்தில் 2000ஆம் ஆண்டு பயன்பாட்டுக்கு வந்த கட்டற்ற மென்பொருள். மாவோரி மொழியில் கோஹா என்றால் கொடை. திருப்பிய புத்தகத்தின் பதிவிலிருந்து வாசகரின் பெயரை நீக்கிவிட அதில் வழி இருக்கிறது. புத்தகம் எத்தனை முறை போய்வந்தது என்பது நிற்கும், யார் கொண்டுபோனார் என்பது போய்விடும். எங்களுக்கு அதை நிறுவிக்கொடுத்தவர் அந்த அமைப்பைத் தொடாமலே விட்டிருந்தார். எல்லாம் சேர்ந்துகொண்டே இருந்தது.

முதல்வரிடம் இதையெல்லாம் சொன்னேன். “பேரன்ட்ஸ் கேட்டா என்னம்மா சொல்றது?” என்றார். “காலேஜுக்கு வந்தாளான்னு கேட்டா வகுப்பாசிரியர் சொல்லட்டும் மேடம். என்ன படிச்சான்னு கேட்டா, அவகிட்டயே கேக்கச் சொல்லலாம்.” “ஒரு பொண்ணு காணாமப் போயிட்டா?” என்று கேட்டார். சரியான கேள்விதான். அதற்காக வாசல் பதிவை முப்பது நாள் வைத்திருப்பது, போலீஸ் எழுத்துமூலம் கேட்டால் மட்டும் முதல்வர் வழியாகத் தருவது, அதன்பிறகு அழிப்பது என்று முடிவானது. புத்தகப் பதிவு, திருப்பிய அன்றே பெயரற்றுப் போகும். செயலியை இந்த வருடம் வாங்கவில்லை. அடுத்த வருடம் நிர்வாகம் மாறினால் பேச்சு திரும்ப வரும். வாசலில் கேமரா இருக்கத்தான் செய்கிறது. முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கல்லூரி நூலகரிடம் போய் மூன்று கேள்வி கேளுங்கள். நான் திருப்பிய புத்தகங்களின் பட்டியல் உங்களிடம் இருக்கிறதா? எத்தனை நாள் இருக்கும்? என் வீட்டிலிருந்து யாராவது வந்து கேட்டால் கொடுப்பீர்களா? அவருக்கே பதில் தெரியாமல் இருக்கலாம். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. பதினோரு வருடங்களுக்கு முன் யாராவது ஒருத்தி என்னிடம் வந்து இதைக் கேட்டிருந்தால், அந்த மதியம் நான் அச்சுப்பொறியை இயக்கியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.